‘முற்பகல் 12:15’ என்றால் எத்தனை மணி? மொரீஷியஸில் தமிழ்க் கடிகாரம் படும் பாடு

தைப்பூசக் காவடிக்கு முந்தின இரவு ரோஸ் ஹில்லிலிருந்து மலைக்கோவிலுக்கு ஒரு வேன் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளம்பும் நேரம் நள்ளிரவு தாண்டிக் கால் மணி. ஏற்பாடு செய்பவர் கைபேசி நாட்காட்டியில் அந்த நேரத்தைப் பதிந்து எல்லோருக்கும் அனுப்புகிறார். கைபேசியைப் பிரெஞ்சில் வைத்திருக்கும் மருமகனுக்கு அது 00:15 என்று போய்ச் சேரும். ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பேத்திக்கு 12:15 ஏஎம். தமிழில் வைத்திருக்கும் பாட்டிக்கு வருவது: ‘முற்பகல் 12:15’.

பாட்டி அதை எப்படிப் படிப்பார்? உச்சி வேளையை ஒட்டி, சாப்பாட்டு நேரத்தில் வேன் கிளம்புகிறது என்றுதான். அவர் படித்ததில் ஒரு தப்பும் இல்லை. பகல் என்றால் வெயில் இருக்கும் பொழுது. முற்பகல் என்றால் அதன் முன்பாதி. இருட்டில் வரும் ஒரு நேரத்துக்கு அந்தச் சொல்லை ஒட்டியது மென்பொருள்.

மொழிபெயர்த்தவர் யாரோ அசட்டையாக இருந்துவிட்டார் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கடிகார நேரம் திரைக்கு வருவதற்குள் நான்கைந்து கைகள் மாறுகிறது. எந்தக் கையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே திருத்துவது என்பதும் தெரியும்.

அடிப்படை: ஒரு கணம், மூன்று வேலைகள்

1. கணம். கணினிக்கு உள்ளே நேரம் என்பது பெரும்பாலும் ஓர் எண்தான். 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை நொடி ஆயிற்று என்ற கணக்கு. இதில் மொழியும் இல்லை, நாடும் இல்லை.

2. நேர வலயம். அந்தக் கணத்தில் போர்ட் லூயியில் கடிகாரம் என்ன காட்டும் என்பது. மொரீஷியஸ் உலகப் பொது நேரத்துக்கு 4 மணி நேரம் முன்னால் இருக்கிறது. பக்கத்துத் தீவான ரீயூனியனும் அப்படியே. தென்னாப்பிரிக்கா 2 மணி நேரம், இந்தியா ஐந்தரை, பர்மா ஆறரை.

3. காட்டும் வடிவம். 18:30 என்றா, 6.30 என்றா, ‘மாலை ஆறரை’ என்றா? மொழியும் நாட்டு வழக்கமும் தலைகாட்டுவது இந்த மூன்றாவது வேலையில் மட்டும்தான்.

இந்த மூன்றையும் தனித்தனியாக வைத்திருக்கும் மென்பொருளை எந்த ஊருக்கும் எடுத்துப்போகலாம். தகராறு வரும் இடங்களில் எல்லாம் இந்த மூன்றில் ஏதோ இரண்டு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ‘தமிழ்’ என்று தட்டினால் நேர வலயப் பட்டியலில் கொல்கத்தா (இந்திய நேரத்துக்கு அந்தப் பட்டியலில் உள்ள பெயர்) முதலில் வந்து நிற்பது அந்த ஒட்டுதலின் ஒரு வடிவம்.

நேர வலயத் தரவுத்தளத்தில் மொரீஷியஸின் பெயர் ‘இந்தியன்/மொரீஷியஸ்’. இதைப் பார்த்து இந்திய நேரம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அங்கே ‘இந்தியன்’ என்பது இந்தியப் பெருங்கடல். ரீயூனியனின் கதை இன்னும் வேடிக்கை: சமீப ஆண்டுகளில் அதன் பெயர் ‘ஆசியா/துபாய்’ என்ற வலயத்துக்கு இணைப்பாக மாற்றப்பட்டிருக்கிறது. இரண்டு இடத்திலும் கடிகாரம் ஒன்றே என்பதால் கணக்கில் பிழை வராது. சில திரைகளில் ஊர்ப் பெயர்தான் திகைக்க வைக்கும்.

‘லோக்கேல்’ என்பது என்ன?

மொழி, எழுத்து, நாடு மூன்றையும் சேர்த்துச் சொல்லும் ஒரு சீட்டுதான் லோக்கேல். தமிழ்–இந்தியா, தமிழ்–இலங்கை, பிரெஞ்சு–மொரீஷியஸ் என்பது போல. செயலி இந்தச் சீட்டை இயங்குதளத்திடம் நீட்டும். இயங்குதளம் தன்னிடம் உள்ள தரவைப் புரட்டி, கிழமைகளின் பெயர், மாதங்களின் பெயர், மணி வடிவம், வாரம் தொடங்கும் நாள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கும்.

அந்தத் தரவு பெரும்பாலான கைபேசிகளுக்கும் உலாவிகளுக்கும் ஒரே ஊற்றிலிருந்து வருகிறது. யூனிகோட் அமைப்பு நடத்தும் பொதுக் களஞ்சியம் அது. சுருக்கமாக சிஎல்டிஆர் என்பார்கள். ஒரு செயலியில் கண்ட அதே விநோதம் இன்னொரு நிறுவனத்தின் செயலியிலும் அச்சு மாறாமல் இருக்கக் காரணம் இதுதான்.

அந்தக் களஞ்சியத்தில் தமிழுக்கு நான்கு நாடுகள் உண்டு: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். மொரீஷியஸ் இல்லை. ரீயூனியன், தென்னாப்பிரிக்கா, பர்மா எதுவும் இல்லை. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில், மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயரே அச்சாகியிருக்கிறது. ஆனாலும் ‘தமிழ்–தென்னாப்பிரிக்கா’ என்றொரு சீட்டு இல்லை. மொரீஷியஸுக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, உள்ளூர்ப் பேச்சு மொழியான கிரியோல் மூன்றிலும் சீட்டு இருக்கிறது.

இல்லாத சீட்டை நீட்டினால் என்ன ஆகும்? மென்பொருள் படி இறங்கும். ‘தமிழ்–மொரீஷியஸ்’ கிடைக்காவிட்டால் வெறும் ‘தமிழ்’. வெறும் தமிழுக்குள் இருப்பது இந்தியத் தமிழின் வழக்கம். அதாவது தேர்ந்தெடுத்தது மொழியை. கிடைத்தது மொழியும் நாடும் சேர்ந்த கட்டு.

இந்த இறக்கம் முழுசாகவும் நடப்பதில்லை, அதுதான் குழப்பம். சொற்கள் மொழியிடமிருந்து வருகின்றன. வாரத் தொடக்கமும் விடுமுறை நாளும் நாட்டிடமிருந்து வருகின்றன. செயலி ‘தமிழ்–மொரீஷியஸ்’ என்று கேட்டால் வாரம் திங்களில் தொடங்கும், சனி ஞாயிறு இரண்டும் விடுமுறையாக நிறம் மாறும். வெறும் ‘தமிழ்’ என்று கேட்டால் மென்பொருள் தானாக இந்தியாவைச் சேர்த்துக்கொள்ளும். வாரம் ஞாயிற்றில் தொடங்கும், ஞாயிறு மட்டும் விடுமுறை. ஒரே கைபேசியில் ஒரு செயலியின் நாட்காட்டி திங்களிலும் இன்னொன்று ஞாயிற்றிலும் தொடங்கினால், ஒன்று நாட்டையும் கேட்டிருக்கிறது, மற்றது கேட்கவில்லை என்று அர்த்தம்.

நாலு நாட்டுத் தமிழும் கடிகாரத்தில் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அதே களஞ்சியத்தில் இலங்கைத் தமிழுக்கு 24 மணிக் கடிகாரம். இந்தியத் தமிழுக்கு 12 மணி. ஆக, தமிழ் என்பதற்காகவே 12 மணிக் கடிகாரம் வந்தாக வேண்டும் என்ற சட்டம் எதுவும் கிடையாது.

ஏஎம், பிஎம் என்பதற்குத் தமிழ் இல்லை

ஆங்கிலக் கடிகாரம் நாளை இரண்டாக வெட்டுகிறது: நள்ளிரவு முதல் உச்சி வரை ஒன்று, உச்சி முதல் நள்ளிரவு வரை ஒன்று. அந்த வெட்டுக்கு இரண்டு பெயர் வேண்டும் என்று மென்பொருள் கேட்டது. முற்பகல், பிற்பகல் என்று கொடுத்தோம். கேள்வியே தப்பு என்று அப்போது யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

தமிழில் நாள் இரண்டாக வெட்டப்படுவதே இல்லை. பொழுதுகளாகப் பிரிகிறது. விடியற்காலை, காலை, மதியம், மாலை, இரவு. நம் பேச்சில் பொழுதின் பெயர் முதலில் வரும், மணி பின்னால் வரும்: காலை ஒன்பது, மாலை ஆறரை, இரவு எட்டே கால். பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் வரிசை அது. ‘6:30 மாலை’ என்று எங்காவது கண்டால், ஆங்கில வரிசையை மாற்றாமல் சொல்லை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

முற்பகல்–பிற்பகல் ஏற்பாடு எங்கெங்கே உடைகிறது என்று பாருங்கள்:

1. அதிகாலை 2 மணி ‘முற்பகல் 2:00’ ஆகிறது. ஊர் உறங்கும் நேரத்துக்குப் பகல் என்று பெயர்.

2. இரவு 9 மணி ‘பிற்பகல் 9:00’ ஆகிறது. படிப்பவர் புரிந்துகொள்வார், ஆனால் ஒரு நொடி தயங்கித்தான்.

3. நள்ளிரவுக்குப் பிந்திய ஒரு மணி நேரம்தான் உண்மையான ஆபத்து. ‘முற்பகல் 12:15’ என்பதும் ‘பிற்பகல் 12:15’ என்பதும் தமிழ் படிப்பவருக்குப் பகல் உச்சியை ஒட்டிய இரண்டு நேரங்களாகவே தோன்றும். உண்மையில் அவற்றுக்கு நடுவே 12 மணி நேரம் இருக்கிறது.

முதல் இரண்டும் நெருடல். மூன்றாவது வேனைத் தவறவிட வைக்கும். மருந்து நேரமோ விமான நேரமோ ஆனால் அதைவிட மோசம்.

மொரீஷியஸில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. இங்கே தமிழ் வம்சாவளியில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் பள்ளியிலும் கோவிலிலும் கற்கும் மொழி. காலை, மாலை, இரவு மூன்றும் முதல் பாடங்களிலேயே வந்துவிடும் சொற்கள். முற்பகல் அப்படியல்ல, அது எழுத்துத் தமிழ். ஆசையாகக் கைபேசியைத் தமிழுக்கு மாற்றிய ஒரு மாணவர், தமிழ் பேசிப் பழகியவர்களே வாய்விட்டுச் சொல்லாத ஒரு சொல்லை மணிக்கு மணி பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு நாளில் திரும்பப் பிரெஞ்சுக்குப் போய்விட்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

பொழுதுகள் ஏற்கெனவே தரவில் இருக்கின்றன

களஞ்சியத்தில் தமிழ்ப் பொழுதுகள் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. நிரலில் நேர வடிவம் எழுதும்போது ‘சின்ன ஏ’ (a) என்ற எழுத்தைப் போட்டால் பல பதிப்புகளில் முற்பகல்–பிற்பகல் வரும். ‘பெரிய பி’ (B) போட்டால் பொழுதின் பெயர் வரும். தரவில் உள்ள பிரிவு இது:

அதிகாலை: 3 முதல் 5 வரை
காலை: 5 முதல் 12 வரை
மதியம்: 12 முதல் 2 வரை
பிற்பகல்: 2 முதல் 4 வரை
மாலை: 4 முதல் 6 வரை
அந்தி மாலை: 6 முதல் 9 வரை
இரவு: 9 முதல் 3 வரை

இவை தவிர, சரியாக 12 மணிக்கு மட்டும் நண்பகல், நள்ளிரவு என்ற இரண்டு பெயர்கள்.

ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலே ‘முற்பகல் 2:00’ போய் ‘இரவு 2:00’ வந்துவிடும். பெரும்பாலான நிரலாளர்கள் இதைச் செய்யாததற்குக் காரணம் சோம்பல் அல்ல, இப்படி ஓர் எழுத்து இருப்பதே தெரியாதது. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்தால் குறை கண்ணில் படாது, பாருங்கள்.

சரி, பட்டியலில் குறையே இல்லையா? இருக்கிறது. ‘அந்தி மாலை 8:30’ என்று எந்தத் தமிழர் சொல்கிறார்? எட்டரை என்றால் இரவு எட்டரைதான். அந்தி என்பது வெளிச்சம் மங்கும் சிறு நேரம். அதை மூன்று மணி நேரத்துக்கு இழுத்திருக்கிறார்கள். ஆறு முதல் ஏழு வரை மாலை, அதற்கு மேல் இரவு என்று வைத்தால் எந்த ஊர்த் தமிழருக்கும் நெருடாது என்பது என் கணிப்பு. இந்தத் தரவு கல்வெட்டு அல்ல. களஞ்சியத்துக்கென்றே ஒரு திருத்தக் கருவி இருக்கிறது. அதில் பதிவு செய்துகொண்டவர்கள் மாற்றங்களை முன்வைத்து வாக்களிக்கலாம்.

பக்கத்து மொழிகளின் நிழல்

மொரீஷியஸில் நேரத்தைச் சொல்ல மூன்று பழக்கங்கள் ஒரே தெருவில் நடமாடுகின்றன. பிரெஞ்சில் எழுதினால் 24 மணிக் கணக்கு, நடுவில் ‘எச்’ எழுத்து: 18எச்30. ஆங்கிலத்தில் 6.30 பிஎம். கிரியோல் பேச்சிலோ பொழுதுகள்தான்: விடியற்காலைக்கு கிராமாத்தே, காலைக்கு போமாத்தே, பிற்பகல் சாய்ந்து மாலை வரை தாந்தோ, இருட்டினால் அஸ்வார். கவனித்தீர்களா, இந்த வெட்டு தமிழ் வெட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது! கிரியோல் பேசி வளர்ந்த ஒரு தமிழருக்கு ‘மாலை 5’ என்பது இயல்பாகவே பிடிபடும். ‘பிற்பகல் 5’தான் அந்நியம்.

அப்படியென்றால் இங்குள்ள தமிழ்த் திரைக்கு எது முன்னிருப்பாக, அதாவது யாரும் எதையும் மாற்றாதபோது தானாக வருவதாக, இருக்க வேண்டும்? பொழுதுப் பெயரோடு 12 மணி என்பதே என் தேர்வு. பேருந்து, விமானம், மருத்துவமனை நேரங்களில் மட்டும் 18:30 என்ற 24 மணி வடிவம் தெளிவு. பிரெஞ்சுப் பலகைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கடினமும் இல்லை. முடிவைப் பயனரிடம் விட்டுவிட வழி இருக்கிறது: லோக்கேல் சீட்டின் வாலில் மணிச் சுற்று என்ற ஒரு குறிப்பைச் சேர்க்கலாம். தமிழை மாற்றாமலே 24 மணி வாங்கலாம், இந்தியாவை விட்டுவிட்டும் 12 மணி வாங்கலாம்.

புள்ளியா, இரட்டைப் புள்ளியா என்ற கேள்வியும் உண்டு. தமிழ் நாளிதழ்கள் 6.30 மணி என்று ஒற்றைப் புள்ளி வைத்தே அச்சிடுகின்றன. தரவில் இருப்பது 6:30. இதற்காகச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. இரண்டையும் எல்லோரும் படிக்கிறார்கள்.

வெட்டினால் உடையும் எழுத்து

திரையில் இடம் குறைவு என்று மாதப் பெயரின் முதல் மூன்று எழுத்தை வெட்டும் பழக்கம் நிரலாளர்களுக்கு உண்டு. ஆங்கிலத்தில் அது ஓடும். தமிழில் கணினி ‘எழுத்து’ என்று எண்ணுவது வேறு. புள்ளியையும் கால், கொம்புகளையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. செப்டம்பரில் மூன்றை வெட்டினால் ச, கொம்பு, ப: ‘செப’. பிப்ரவரி ‘பிப’ ஆகும், மார்ச் ‘மார’ ஆகும், திங்கள் ‘திங’ ஆகும். கிழமைகளில் சனி மட்டும் தப்பித்துக்கொள்வார். அவரை யாரால் வெட்ட முடியும்!

ஒற்றை எழுத்துச் சுருக்கத்தில் இன்னொரு வம்பு. களஞ்சியத்தின் சுருக்கப்படி ஜூனும் ஜூலையும் இரண்டுமே ‘ஜூ’. வெறும் முதல் குறியை மட்டும் வெட்டினால் வியாழனும் வெள்ளியும் ஒரே ‘வ’ ஆகிவிடும். சுருக்கங்களைத் தரவிலிருந்தே வாங்க வேண்டும், கத்தரி வைக்கக் கூடாது.

ஒட்டுப் போட்டால் தமிழ் ஆகாது

‘நிகழ்ச்சி தொடங்கும் நேரம்’ என்று ஒரு துண்டு, அப்புறம் நாள், அப்புறம் மணி என்று ஒட்டுவது இன்னொரு பழக்கம். ஆங்கிலத்தில் நேரத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சொல்லை வைத்தால் வேலை முடிந்தது. தமிழில் வேற்றுமை உருபு பின்னால் ஒட்டும்: மணிக்கு, மணியிலிருந்து, மணி வரை. ‘6:30க்கு’ என்று எண்ணோடு ஒட்டினால் சிலர் ஆறரைக்கு என்று படிப்பார்கள், சிலர் ஆறு முப்பதுக்கு என்று. ‘மணி’ என்ற சொல்லை எப்போதும் எண்ணுக்குப் பின் வைத்துவிட்டால் எண் எதுவானாலும் உருபு மாறாது. ‘மாலை 6:30 மணிக்கு’ என்று முழு வாக்கியமாக எழுதி, பொழுதுக்கும் எண்ணுக்கும் மட்டும் ஓட்டை விடுவதே வழி.

கால இடைவெளிக்கும் இதே கதி. தரவில் ‘5 நிமிடங்களில்’ என்று வருவது ‘இன்னும் ஐந்து நிமிடம் கழித்து’ என்ற பொருளில். படிப்பவருக்கு ‘ஐந்து நிமிடத்துக்குள்’ என்றும் தோன்றும். பூசை 5 நிமிடங்களில் என்றால் தொடங்குமா, முடியுமா? ‘இன்னும் 5 நிமிடத்தில் தொடங்கும்’ என்று வினையோடு எழுதினால் சந்தேகமே இல்லை. எண்ணுக்குப் பின் ‘நிமிடங்கள்’ என்று பன்மை போடும் பிடிவாதமும் மென்பொருளிலிருந்து வந்ததுதான். பேச்சில் நாம் ‘அஞ்சு நிமிஷம்’ என்கிறோம்.

சூரியன் மேலே இருக்கும்போது மணி என்ன?

இதுவரை சொன்னது வடிவம். கோவில் நாட்காட்டி செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி, தமிழ் நாள்கணக்கு கடிகாரத்தை விடச் சூரியனையும் நிலவையும் நம்புவது. மொரீஷியஸ் தெற்கு அரைக்கோளத்தில் இருக்கிறது. நம் சொற்கள் வடக்கில் பிறந்தவை. மார்கழி அதிகாலை என்றால் இருட்டும் பனியும் நினைவுக்கு வரும். போர்ட் லூயியில் டிசம்பர் பிற்பாதியில் ஐந்தரை மணியை ஒட்டியே சூரியன் வந்துவிடும், பகல் ஏறக்குறைய 13 மணி 20 நிமிடம் நீளும். ஜூனில் பகல் 11 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு.

ராகு காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகலை எட்டாகப் பிரித்து, திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு என்பது விதி. ஏழரை முதல் ஒன்பது என்ற மனப்பாட வாய்பாடு, சூரியன் ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைந்தால்தான் பொருந்தும். போர்ட் லூயியில் டிசம்பரில் அந்தப் பங்கு ஏழு மணி தாண்டியதுமே தொடங்கி எட்டே முக்காலை ஒட்டி முடியும். ஜூனில் எட்டுக்கு மேல் தொடங்கி ஒன்பதரையை ஒட்டி முடியும். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் ஒரு செயலி அதைக் காட்டுவது என்று முடிவெடுத்துவிட்டால் ஊர்ச் சூரியனை வைத்துக் கணக்கிட வேண்டும். சென்னைக்கு அச்சிட்ட பஞ்சாங்கத்தில் ஒன்றரை மணி நேரத்தைக் கழிப்பது போதாது.

நிலவுக்கு அந்தக் கழித்தல் போதும், ஏனென்றால் பௌர்ணமி என்பது உலகம் முழுமைக்கும் ஒரே கணம். 2024 ஜனவரியின் முழுநிலவு உலகப் பொது நேரப்படி 25ஆம் தேதி 17:54க்கு. அதே கணம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இரவு 7:54, போர்ட் லூயியில் 9:54, சென்னையில் 11:24. பர்மாவின் யாங்கோனில் 26ஆம் தேதி பிறந்து 24 நிமிடம் ஆகியிருந்தது. ஒரு கணம், இரண்டு தேதிகள். தேதியை மட்டும் வைத்துக்கொண்டு மணியை விட்டுவிடும் செயலி இங்கேதான் சறுக்கும்.

மாதப் பிறப்பு இன்னும் நுட்பமானது. சூரியன் ராசி மாறும் கணம் அஸ்தமனத்துக்கு முன் வந்தால் அன்றே மாதம் பிறக்கும், பின் வந்தால் மறுநாள். ஒரு பேச்சுக்கு, சித்திரைப் பிறப்பின் கணம் இந்திய நேரம் இரவு 7 மணி என்று வையுங்கள். சென்னையில் சூரியன் 6:20 வாக்கிலேயே மறைந்திருக்கும். ஆகவே மறுநாள்தான் சித்திரை 1. அப்போது மொரீஷியஸில் மாலை 5:30. ஏப்ரல் நடுவில் இங்கே சூரியன் மறைய ஆறு மணி ஆகும். விதிப்படி இங்கே அன்றே வருடப் பிறப்பு. எதைப் பின்பற்றுவது என்பது கோவிலும் சமூகமும் எடுக்கும் முடிவு. மென்பொருள் அந்த முடிவைத் தானே எடுத்துவிடாமல் கேட்க வேண்டும். களஞ்சியத்தின் நாட்காட்டி வகைகளில் எத்தியோப்பியம், எபிரேயம், பாரசீகம் எல்லாம் இருக்கின்றன; தமிழ்ச் சூரிய நாட்காட்டி இல்லை. ஒவ்வொரு செயலியும் இதைத் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழ் எண்கள் வேண்டுமா?

மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் உண்டு. 1998இல் வந்த புதிய தாள்களில் தமிழுக்கு மேலே இந்தி வைக்கப்பட்டபோது தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் வரிசை மாற்றி வெளியிடப்பட்டன. இப்படிப்பட்ட நாட்டில், கடிகாரத்திலும் தமிழ் எண் வேண்டும் என்று ஒருவர் கேட்பது இயல்பு.

தொழில்நுட்பம் அதற்குத் தயார். ஆனால் இரண்டு முறைகள் இருப்பது தெரிய வேண்டும். இடமதிப்பு முறையில் 12:30 என்பது ௧௨:௩௦. பழைய முறையில் பத்துக்குத் தனிக் குறி உண்டு, ஆகவே ௰௨:௩௰. தமிழ்ச் சுழியமே யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. என் கட்சி: விருப்பமாக இருக்கட்டும், முன்னிருப்பாக வேண்டாம். ௧ என்பதை க என்றும் ௭ என்பதை எ என்றும் படிக்கும் கண்கள்தான் இன்று அதிகம். தாளில் இருப்பது அடையாளம். கடிகாரத்தில் ஒரு நொடியில் படிக்க வேண்டும்.

செயலி செய்பவர் என்ன செய்யலாம்?

1. மொழி, நாடு, நேர வலயம், மணிச் சுற்று ஆகிய நான்கையும் தனித்தனித் தேர்வாக வையுங்கள். தமிழைத் தேர்ந்தெடுத்தவர் இந்தியாவைத் தேர்ந்தெடுக்கவில்லை.

2. ‘தமிழ்–மொரீஷியஸ்’ என்றே கேளுங்கள். சீட்டு இல்லாவிட்டாலும் நாட்டைச் சார்ந்த பாதியாவது சரியாக வரும்.

3. வருங்கால நிகழ்ச்சிகளை ‘கூட்டல் 4’ என்று சேமிக்காமல் உள்ளூர் மணியோடு வலயத்தின் பெயரைச் சேமியுங்கள். மொரீஷியஸ் 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிப் பார்த்தது, பிறகு கைவிட்டது. கூட்டல் 4 என்று இறுக்கி எழுதிய நிரல்கள் அந்த ஐந்து மாதமும் தப்புத்தான்.

4. வலயப் பட்டியலில் அரை மணிகளுக்கு இடம் விடுங்கள். முழு மணிகள் மட்டும் உள்ள பட்டியலில் சென்னைக்கும் யாங்கோனுக்கும் இடமில்லை.

5. சின்ன ஏவுக்குப் பதில் பெரிய பி.

கடைசிக் குறிப்பைச் செய்துவிட்டால் பாட்டிக்கு வேன் நேரம் எப்படி வரும்? நள்ளிரவு என்ற பெயர் சரியாக 12:00க்கு மட்டுமே என்பதால், 12:15க்கு ‘இரவு 12:15’ என்று வரும். முற்பகலை விட எவ்வளவோ மேல். ஆனால் அதன் முன்னால் தேதியும் இருக்கிறதே: ‘வியாழன், 25 ஜனவரி, இரவு 12:15’. நம் வழக்கில் விடிந்தால்தான் மறுநாள். ஆகவே பாட்டி வியாழன் பகல் முழுக்கக் காத்திருந்து, அன்றிரவு பையோடு வாசலில் நிற்பார். காவடி முடிந்து 12 மணி நேரம் ஆகியிருக்கும். மென்பொருளைப் பொறுத்தவரை நேரமும் சரி, தேதியும் சரி. இரவு 12க்கும் விடியலுக்கும் நடுவே வரும் நேரங்களுக்கு மட்டும் ஒரு தனி வாக்கியம் எழுதி வைக்க வேண்டும், கோவில் ஒலிபெருக்கியில் சொல்வது போல: ‘புதன் இரவு 12:15 மணிக்கு, விடிந்தால் வியாழன்.’